படம் போடாத இறப்புச் செய்தி

மகளின் கல்யாணப் பத்திரிகையை அடிக்கக் கொடுத்த இடத்தில் அச்சகத்துக்காரர் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தெரியாமல்தான் செல்வலட்சுமி ராஜபாளையத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பி வந்தாள்.

"பொண்ணோட அம்மாவழித் தாத்தா முத்துராமலிங்கம். சரி. முன்னால திரு போடவா, அமரர் போடவா?"

சின்னக் கேள்விதான். ஆனால் அந்த வீட்டில் அதைக் கேட்க யாருக்கும் வாய் வந்ததில்லை. செல்வலட்சுமிக்கு மூன்று வயதாக இருக்கும்போது, மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லி, பெண்டாட்டியோடு பெரிய சண்டையும் போட்டுவிட்டு, அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆற்றங்கரைத் தெருவிலிருந்து போனவர் அவளுடைய அப்பா. அதோடு சரி. அம்மா ஆவுடையம்மாள் எழுபது வயதிலும் நெற்றிக் குங்குமத்தை அழிக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு யாராவது, "அவருக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சிரலாமே" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

"செத்துட்டாருன்னு எவன் கண்டான்? கண்டவன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் திருதான்" என்றாள் அம்மா.

செல்வலட்சுமிக்கு அப்பா மேல் பாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத மனுஷன். இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்றுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருந்தாள். இருந்தாலும் சொந்த மகளுடைய பத்திரிகையில் பொய் அச்சாகக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் வீட்டுக்காரருடைய தங்கை பொன்மணி பள்ளுருத்தியில் குடியிருந்தாள். மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. அவளை நம்பி வந்து இறங்கினாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. பஜார் ரோட்டில் லாரிகள் நின்றன, மூட்டைகள் இறங்கின. ஈரக் காற்றில் சுக்கும் மிளகும் கலந்து அடித்த வாசனையில் செல்வலட்சுமிக்குத் தலை லேசாகச் சுற்றியது. அப்பாவும் இந்த வாசனையைத்தான் சுவாசித்திருப்பார் என்ற நினைப்பு வந்ததும், தெரு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல மெதுவாக அசைந்தது.

முதலில் இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் நல்ல மனிதர். சிரத்தையாகத்தான் கம்ப்யூட்டரில் தேடினார். முத்துராமலிங்கம் என்ற பேரை நாலு விதமாக எழுதிப் பார்த்தார். "எந்த வருஷம்னு தெரியாம கஷ்டம். ஆஸ்பத்திரியில மரிச்சிருந்தா, அந்த ஆஸ்பத்திரி இருக்கிற இடத்திலதான் பதிவு இருக்கும். இங்க வராது. தேதி கிடைச்சா வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்து சாயா குடிக்கும்போது பொன்மணிதான் சொன்னாள். "மதினி, இந்த ஊர்ல யாரு செத்தாலும் பேப்பர்ல வரும். சரமம்னு தனியா ஒரு பக்கம். ஏழை பணக்காரன் பேதமே இல்ல. காலையில பேப்பரைப் பிரிச்சா ஆளுங்க முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. பழைய பேப்பர் எல்லாம் வாயனசாலையில கட்டி வெச்சிருக்காங்க."

வாயனசாலை ஒரு மாடிக்கட்டிடம். கீழே சைக்கிள் கடை, மேலே புத்தகங்கள். நூலகப் பொறுப்பில் இருந்தவள் நௌரின், முப்பது வயதுக்காரி, பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். ஆனால் தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் சிரித்துவிடுவாள். விஷயத்தைக் கேட்டதும் ஒவ்வொரு வருஷத்தின் கட்டையும் இறக்கி மேஜையில் வைத்தாள்.

"சேச்சிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமா?"

"ஒரு எழுத்தும் தெரியாது."

"பின்ன எப்படிப் பார்ப்பீங்க?"

"முகத்தைப் பார்ப்பேன்" என்றாள் செல்வலட்சுமி.

அவளிடம் அப்பாவின் படம் ஒன்று இருந்தது. ஸ்டுடியோவில் எடுத்தது. வரைந்து வைத்த மாடிப்படி முன்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும் இளவயசுக்காரர். அந்த முகத்துக்கு நரையை ஏற்றி, கன்னத்தைத் தொங்கவிட்டு, பல்லைக் கழற்றி, மனசுக்குள் ஒரு கிழவரைச் செய்துகொண்டாள். அந்தக் கிழவரைத் தேடித்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

இப்படி ஒரு கூட்டத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. தபால்தலை அளவு சதுரங்களில் வரிசை வரிசையாக மனிதர்கள். காதில் பெரிய கம்மல் போட்ட கிழவிகள். தொப்பி வைத்தவர்கள். கழுத்தில் சிலுவை தொங்கியவர்கள். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததால் தோளில் வேறொருவருடைய விரல்கள் மட்டும் மிச்சமிருந்த ஒரு பெண். அடையாள அட்டைக்காக முறைத்தவர்கள், பேரன் சிரிக்க வைத்ததில் சிரித்தவர்கள். தங்களுடைய எந்தப் படம் கடைசியில் போடப்படும் என்று தெரியாமல் எடுத்துக்கொண்ட முகங்கள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. விசிறிக் காற்றில் பக்கங்கள் தானாகவே ஒன்றிரண்டு புரண்டன, யாரோ அவளுக்கு முன்னால் அவசரப்பட்டுத் தேடுகிறாற்போல.

மத்தியானத்தில் மேஜை மேலேயே கண்ணயர்ந்துவிடுவாள். தூக்கத்தில் அவர்கள் எல்லோரும் ஒரு படகுத்துறையில் நிற்பார்கள். யாரும் ஒன்றும் பேசமாட்டார்கள். ஒவ்வொருவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நான் இல்லை' என்பதுபோல நாசூக்காகத் தலையசைத்து வழிவிடுவார்கள். அவள் நடந்துகொண்டே இருப்பாள். விழித்தால் கன்னத்தில் பேப்பர் மை ஒட்டியிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களும் அந்தச் சதுரங்களுக்குள்ளேயே தெரிந்தார்கள். கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது, 'இவரை இரண்டாயிரத்து ஏழில் பார்த்தோமே' என்று ஒரு நிமிஷம் திகைத்தாள். பொன்மணி பயந்துபோய், "போதும் மதினி, பத்திரிகையில தாத்தா பேரையே விட்டுரலாம். யார் கேட்கப் போறா?" என்றாள்.

கட்டுகள் முடிந்துபோயின. அப்பா அதில் இல்லை.

செல்வலட்சுமி படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தபோது, நௌரின் கட்டுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ தோன்றி, ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"சேச்சி, இதையும் பார்த்தீங்களா?" அவள் விரல் வைத்த இடத்தில் முகம் எதுவும் இல்லை. பக்கத்தின் கீழே, சின்ன எழுத்தில், நாலு நாலு வரியாகச் செய்திகள்.

"இது என்ன?"

"இதுவும் சரமம்தான். படம் கொடுக்காதவங்க."

செல்வலட்சுமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பக்கங்களிலும் அத்தனை பேரை, முகம் இல்லை என்பதற்காக அவள் தாண்டிப் போயிருக்கிறாள்.

"நான் வாசிக்கிறேன்" என்றாள் நௌரின். "பேரை மட்டும் வாசிக்கிறேன். நிறுத்தச் சொல்ற இடத்தில நிறுத்தறேன்."

மறுநாளிலிருந்து நௌரின் வாசிக்க, அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகங்களைவிடப் பேர்கள் மெத்தென்று இருந்தன. அன்னம்மா. குஞ்ஞப்பன். ஐஷும்மா. வேலாயுதன். மழைச் சத்தத்துக்கு நடுவே பேர்கள் ஒவ்வொன்றாகச் சொட்டின. எங்கே தூக்கம் முடிகிறது, எங்கே பேர் தொடங்குகிறது என்று தெரியாத ஒரு மயக்கத்தில், "முத்துராமலிங்கம்" என்று நௌரின் சொன்னது முதலில் அவள் மனசே சொன்னதாகத்தான் பட்டது.

"சேச்சி. கேட்டீங்களா? மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல். முத்துராமலிங்கம், ஐம்பத்தெட்டு வயசு. தமிழ்நாடு அம்பாசமுத்திரம் ஸ்வதேசி. பார்யா ரோஜா. மக்கள் வசந்தி..." நௌரின் நிறுத்தினாள். திரும்ப அந்த வரியை மனசுக்குள் படித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"உங்க முழுப் பேரு என்ன சொன்னீங்க?"

"செல்வலட்சுமி."

"மக்கள் வசந்தி, பரேதயாய செல்வலட்சுமி" என்று மெதுவாக வாசித்தாள் நௌரின்.

"என் பேரைப் போட்டிருக்காங்களா?" செல்வலட்சுமி பேப்பர் மேல் குனிந்தாள். "முன்னால என்னமோ சொன்னியே, அது என்ன?"

நௌரின் தமிழ் வார்த்தை தேடினாள். கிடைத்ததும் சொல்லத் தயங்கினாள். "பரேதன்னா... காலமானவங்க. செல்வலட்சுமி அவருக்கு முன்னாடியே காலமாயிட்டாங்கன்னு போட்டிருக்கு."

அன்று மாலை அவள் பொன்மணிக்காகக் காத்திருக்கவில்லை. மழை விட்டிருந்தது. பஜார் ரோடு முழுக்க ஈர வெளிச்சம். செத்துப்போனவள் ஒருத்தி அதன் வழியே நடந்து போனாள். பயமாக இல்லை, அழுகையும் வரவில்லை. உடம்பில் கனமே இல்லாததுபோல் இருந்தது. ஒரு மூட்டைக்காரர், "மாறு, மாறு" என்று கத்திக்கொண்டு வந்து அவளை உரசாமல் விலகியபோது, தான் அவர் கண்ணுக்குத் தெரிவது ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு வேறு குடும்பம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்காமல் இல்லை. ஆனால் அவர் தன்னைச் சாகடித்திருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்வதைவிடச் செத்துப்போனார்கள் என்று சொல்வது சுலபம்தானே.

மறுநாள் காலை அந்தக் கோபத்தோடுதான் பொன்மணியைக் கூட்டிக்கொண்டு சுள்ளிக்கல்லுக்குப் போனாள். பேர் சொல்லி விசாரித்ததும், "லிங்கேட்டன் வீடா?" என்று ஒரு மீன்காரர் பக்கத்துச் சந்து ஒன்றைக் காட்டினார்.

கதவைத் திறந்தவள் இளம்பெண். வசந்தி. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போகத் தயாராக நின்றாள். உள்ளே அவளுடைய அம்மா ரோஜா, அறுபது வயது தாண்டியவள், கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் தமிழ்க்காரிதான், திண்டுக்கல் பக்கம்.

"யாரு?" என்றாள் ரோஜா.

பேசவேண்டியதை எல்லாம் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்து வந்திருந்தவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "செல்வலட்சுமி."

"எந்தச் செல்வலட்சுமி?"

"முத்துராமலிங்கம் மக. அம்பாசமுத்திரம்."

ரோஜா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து செல்வலட்சுமியின் பாதங்களைப் பார்த்தாள். அவை தரையில்தான் பதிந்திருந்தன. ஈரத் தடம்கூட விழுந்திருந்தது. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடாமலேயே சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "ஏங்க, பாத்தீங்களா! உங்க பிள்ளை உசுரோட இருக்கு!" என்று அலறினாள்.

அந்த அலறலில் பொய் இல்லை. செல்வலட்சுமியின் கோபம் எங்கேயோ கழன்று விழுந்தது.

படத்தில் இருந்தவர் அவள் மனசுக்குள் செய்து வைத்திருந்த கிழவர் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். பேப்பரில் வந்திருந்தாலும் அவள் அவரைத் தாண்டித்தான் போயிருப்பாள்.

ரோஜா சொன்னாள். "நான் அப்ப பஜார் ரோட்ல சோத்துக்கடை வெச்சிருந்தேன். உங்க அப்பா தினம் அங்கதான் சாப்பிடுவாரு. கோபம் தீர்ந்ததும் ஊருக்குப் போறேன், போறேன்னு சொல்லிட்டே இருப்பாரு. நாலு துணிமணியோட கௌரவமா போகணும்னு நினைப்பு. அப்பதான் தாமிரபரணியில அந்தப் பெரிய வெள்ளம். செய்தி கேட்ட அன்னிக்கே ஓடினாரு. போனா தெருவையே காணோம். ஆத்து மணல்தான் கிடந்துச்சாம். பள்ளிக்கூடத்துல ஆளுங்களைத் தங்க வெச்சிருந்தாங்களாம். அங்க ஒவ்வொரு முகமா பார்த்துக்கிட்டே போயிருக்காரு. யாரோ ஒருத்தர் சொன்னாராம், கடைசி வீட்ல ஒரு அம்மாவும் எட்டு வயசுப் பொண்ணும் இருந்தாங்க, ரெண்டு பேரையும் தண்ணி கொண்டு போயிருச்சுன்னு."

"நாங்க அங்க இல்லையே" என்றாள் செல்வலட்சுமி. "அதுக்கு முந்தின வருஷமே பெரியப்பாவோட தகராறுன்னு அம்மா என்னைக் கூட்டிட்டு ராஜபாளையம் போயிருச்சு. யார்கிட்டயும் சொல்லல."

"அதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சே" என்றாள் ரோஜா. "திரும்பி வந்து ரொம்ப நாள் பேச்சே இல்ல. தட்டுல சோறு போட்டா சாப்பிடுவாரு, போடலைன்னா கேட்கமாட்டாரு. அதுக்கப்புறம்தான் எங்க கல்யாணம். ஒவ்வொரு கர்க்கடக வாவுக்கும் ஆலுவா மணப்புறத்துல போய் உங்க ரெண்டு பேருக்கும் பலி போடுவாரு. வசந்தி பிறந்தப்புறமும் விடல. அவரு போனப்போ பேப்பர்ல கொடுக்க நல்லதா படம்கூட உடனே கைக்குக் கிடைக்கல. ஆனா நான் ஒண்ணு சொன்னேன். மூத்த பொண்ணு பேரு இல்லாம போடக்கூடாதுன்னு."

கர்க்கடக வாவு என்பது ஆடி அமாவாசை. அம்மா அடுப்பை அணைத்துப் போட்டு, அவர் உயிரோடு இருக்கிறார் என்று சண்டை பிடித்த அதே நாளில், அவர் ஆற்று மணலில் உட்கார்ந்து அம்மாவுக்கும் அவளுக்கும் பிண்டம் வைத்திருக்கிறார். யார் யாருக்கு அழுதார்கள் என்று நினைக்கத் தொடங்கினால் நினைப்பு ஒரு கரையில் நிற்கவில்லை.

வீட்டு வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். மறைக்காமல் சொன்னாள். வருஷம், தேதி, ரோஜா, வசந்தி எல்லாவற்றையும். வெள்ளத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் வாய் திறந்தாள்.

"வந்தாராமா?"

"வந்திருக்காரும்மா. ஓடி வந்திருக்காரு."

"வந்தாரா" என்றாள் அம்மா திரும்பவும். இந்த முறை அது கேள்வியாக இல்லை. அப்புறம், "அந்த வீட்டை மூக்கம்மாளுக்கு விட்டுட்டு வந்தேன். உன் வயசுல அவளுக்கும் ஒரு பிள்ளை. ஆத்தோட போனது அவங்கதான். பாவம், புருஷன் இல்லாதவ. கேட்க நாதியில்ல" என்றாள்.

"அப்பா வெச்ச சோறு அவங்களுக்குப் போயிருக்கும்மா."

"போயிருக்கட்டும். நல்லா போயிருக்கட்டும்" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

தேதி கிடைத்ததால் மற்றதெல்லாம் கஷ்டமாக இருக்கவில்லை. அவர் இறந்தது ஆலப்புழைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில்; பதிவும் அங்கேயே இருந்தது. வசந்தி லீவு போட்டுக் கூட வந்து சான்றிதழை வாங்கிக் கொடுத்தாள். அச்சகத்துக்காரருக்கும் பதில் போய்ச் சேர்ந்தது.

ஊருக்குக் கிளம்புகிற நாளில் வசந்தி ஒரு பையோடு வந்து நின்றாள். "நானும் வரேன் சேச்சி. பெரியம்மாவை ஒரு தடவை பார்க்கணும்" என்றாள்.

செல்வலட்சுமி ரோஜாவைப் பார்த்தாள். "சித்தி, நீங்க?"

"முதல்ல இவ போகட்டும். என்னைப் பார்க்க அவங்களுக்குக் கொஞ்ச நாள் வேணும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வரேன்" என்றாள் ரோஜா.

வைட்டிலாவில் காலை பஸ் பிடித்து, குமுளியில் மாறினார்கள். மலையில் மேகம் ரோட்டுக்கு இறங்கி வந்திருந்தது. வசந்தி தங்கையென்று ஆகிச் சில நாட்களே ஆன உரிமையில் தோளில் சாய்ந்து தூங்கினாள். செல்வலட்சுமி அசையாமல் இருந்தாள்.

ராஜபாளையம் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆவுடையம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. வசந்தி குனிந்து காலைத் தொட்டாள். ஆவுடையம்மாள் அவளை எழுப்பி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, மூக்கையும் காதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். யாரையும் வையவில்லை.

"சாப்பிடறியா?" என்றாள். வசந்தி தலையாட்டினாள். ஆனால் ஆவுடையம்மாள் எழுந்திருக்கவில்லை. அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"உங்க அப்பா கடைசி காலத்துல எப்படிப் பேசுவாரு? எனக்குச் சின்ன வயசுக் குரல்தான் தெரியும். அவரு பேசுற மாதிரி ஏதாச்சும் பேசிக் காட்டு."

வசந்தி அக்காவைப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு தொண்டையைக் கனைத்து, குரலைத் தடிமனாக்கி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக, வாசலிலிருந்தே கூப்பிடுகிறாற்போலச் சொன்னாள்.

"மோளே வசந்தீ, மழை வருது, துணியை எடுத்தியா? அம்மாட்ட ஒரு சாயா போடச் சொல்லு. கடுப்பமா வேணும், கேட்டோ."

ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.